மூடிய கடைக்குப் புதுச் சரக்கு

அகிஹாபாரா: நின்டெண்டோ கைவிட்ட எந்திரத்தை ரசிகர்கள் விடுவதாயில்லை

டோக்கியோவின் அகிஹாபாரா ரயில் நிலையத்தில் ஒரு வாசலுக்குப் பெயரே ‘மின்சார நகர வாசல்’. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ரேடியோ வால்வுகளும் உதிரி பாகங்களும் விற்ற தெரு வியாபாரிகள் உருவாக்கிய பேட்டை இது. ரயில் பாலத்தின் அடியில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளில், அந்த வழிவந்த கடைகள் இன்றும் ஸ்விட்ச், ஒயர், சிப் விற்கின்றன. வெளியே பெரிய சாலையிலோ கார்ட்டூன் நாயகிகளின் ஆட்சி.

அந்தச் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில், மாடிப்படி ஏறிப் போனால் ‘சூப்பர் பொட்டேட்டோ’. பழைய வீடியோ கேம்களுக்கான கடை. அலமாரிகளில் வரிசை வரிசையாக வண்ண வண்ணக் கேசட்டுகள். நாயகன், சிவப்பும் வெள்ளையுமான ஃபேமிகாம். 1983 ஜூலையில் 14,800 யென் விலையில் நின்டெண்டோ வெளியிட்ட எந்திரம். 1990களில் இந்திய வீடுகளில் டிவியோடு இணைக்கப்பட்ட வீடியோ கேம்களில் பல இதன் நகல்களே. கேசட்டைக் கழற்றி, ஊதி, மறுபடி செருகிய தலைமுறைக்கு இங்கே அறிமுகம் தேவைப்படாது.

ஃபேமிகாம் உற்பத்தி 2003இல் நின்றது. உதிரி பாகங்கள் கிடைக்காமல் 2007இல் ரிப்பேர் சேவையும் முடிந்தது. கேசட்டுக்குள் இருக்கும் பேட்டரி தீர்ந்தால், சேமித்து வைத்த ஆட்டமும் போய்விடும். அரிய கேசட்டுகளுக்குச் சேகரிப்பாளர்கள் கொட்டிக் கொடுக்கிறார்கள். வாங்கியதைப் பலர் உறைகூடப் பிரிப்பதில்லை. விளையாட்டுச் சாமான் பழம்பொருளாகிவிடும் அபாயம்.

அதைத் தடுப்பவர்கள் ரசிகர்கள். 2016இல் ‘8 பிட் மியூசிக் பவர்’ என்ற புத்தம்புதிய ஃபேமிகாம் கேசட் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. எந்திரத்தின் உற்பத்தி நின்று 13 ஆண்டுகளுக்குப் பிறகு! ஜெர்மனியின் மார்ஃப்கேட் என்ற சின்னக் குழு 2019இல் ‘மைக்ரோ மேஜஸ்’ விளையாட்டைக் கொண்டுவந்தது. மொத்த அளவு 40 கிலோபைட். 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ அளவும் அதுதான். இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு படம்கூட அதற்குள் அடங்காது. ஆனால் நான்கு பேர் சேர்ந்து விளையாடலாம். ரகசியம் சிக்கனம்: கோட்டையின் பாதியை மட்டும் வரைந்து, மறுபாதியைக் கண்ணாடி பிம்பம்போலத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

நின்டெண்டோவின் பொற்காலத்தில் கேசட் வெளியிட நிறுவனங்கள் அதன் அனுமதிக்காகக் காத்திருந்தன, கட்டணமும் கட்டின. இன்று தனி ஆள்கூட வீட்டுக் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதி, அதிலேயே சோதித்து, சிப்பில் பதிந்துவிடலாம். மாரியோவைத் திருடித் திருத்துவது வேறு. அது உரிமைப் பிரச்சினை. இவர்களுடையது சொந்தக் கற்பனை. லாபம் பெரிதாக இருக்காது என்று தெரிந்தே இறங்குகிறார்கள்.

அகிஹாபாராவுக்கு இது புதிதல்ல. ரெடிமேடாக ரேடியோ வாங்க வசதியில்லாத காலத்தில், பாகங்களை வாங்கிப் போய்த் தாங்களே பூட்டிக்கொண்டவர்களால் வளர்ந்த இடம் இது. கம்பெனி கைவிட்ட பிறகும் ஓர் எந்திரம் ஓடும், அதற்காக உழைக்க ஆள் இருக்கும்வரை. பாலத்தடிக் கடைக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும்.