கிஸ்தியும் கீர்த்தனையும்

எங்கள் பெரியப்பா எட்டயபுரத்தில் டீ குடிக்க மாட்டார். மதுரையிலிருந்து தூத்துக்குடி வருகிற பஸ் அங்கே நின்றால் எல்லாரும் இறங்கிக் கைகாலை உதறுவார்கள். அவர் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருப்பார். பாஞ்சாலங்குறிச்சிச் சீமைக்காரனுக்கு அந்த ஊர்த் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்பது அவர் கட்சி. 1799-இல் கட்டபொம்மனோடு கிழக்கிந்தியக் கும்பினி போட்ட சண்டைக்குப் போன மாசம் நடந்ததுபோல் கோபப்படுவார். 1959-இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படம் அந்தக் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றியது. சிவாஜி பேசிய வசனம்தான் அவருக்கு வரலாறு.

கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் என்று நான் எடுத்துச் சொன்னால், “அவன் பிடிச்சான், எட்டயபுரத்தான் காட்டிக்கொடுத்தான், ரெண்டும் ஒண்ணுதான்” என்று முடித்துவிடுவார். இரண்டு பாளையங்களுக்கும் எல்லைத் தகராறு அதற்கு முன்பே இருந்தது. கும்பினி வந்தபோது எட்டயபுரம் பகையாளிக்கு எதிரான பக்கம் சாய்ந்தது. அதற்குக் கூலியும் கிடைத்தது. கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு, 1801-இல் தம்பி ஊமைத்துரை மறுபடி கட்டிய கோட்டையையும் தகர்த்துத் தரைமட்டமாக்கிய பிறகு, பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்து நிலங்களில் ஒரு பங்கு எட்டயபுரத்துக்குப் போனது. கோட்டை இருந்த மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். இப்போது அங்கே நிற்பது 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை.

இந்தப் பழைய கதையை நான் எடுப்பதற்குக் காரணம், சென்ற தீபாவளியை ஒட்டித் தூத்துக்குடியில் கேட்ட ஒரு வயலின் கச்சேரி.

கச்சேரி என்றால் சபா மேடையில் ஒருவர் நடுவில் உட்கார்ந்து பாடுவது இல்லை. ஒரு வயலின் வாத்தியார் தன்னிடம் படிக்கிறவர்களையும் படித்து முடித்தவர்களையும் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டி வைத்து எல்லாரையும் ஒன்றாக வாசிக்க வைத்தார். உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர் இருந்தார். துறைமுகத்தில் ஷிஃப்ட் முடித்துவிட்டு யூனிஃபாரத்தோடு வந்தவர் இருந்தார். பாவாடை தாவணியில் பள்ளிக்கூடப் பெண்கள். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற ஒரு பையன். அவன் வீட்டில் வயலினும் உண்டு, பாட்டனார் காலத்தது. சர்ச் பாட்டுக்குழுவில் நாலு குரலுக்கு நடுவே வாசித்துப் பழகியவன். மற்றவர்கள் சமுக்காளத்தில் சம்மணமிட்டு வயலின் தலையை வலது கணுக்காலில் சாய்த்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் ஓரத்தில் நாற்காலி போட்டுத் தாடைக்கடியில் கொடுத்துக்கொண்டிருந்தான். தந்தி கூட்டுவதும் அவனுக்கு வேறு. மற்றவர்கள் ஸ, ப, ஸ, ப என்று கூட்டினார்கள். அவன் இங்கிலீஷ் எழுத்துக் கணக்கில் கூட்டிக்கொண்டு, கட்டை விரலால் நாலு தந்தியையும் மெதுவாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் பாதி முழுக்க முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். கமகம் இல்லை, சங்கதி இல்லை. சங்கராபரணத்து ஸ்வரங்களை அப்படியே நேராக நிறுத்தி வாசிக்கிற சின்னச் சின்ன உருப்படிகள். ‘சக்தி சஹித கணபதிம்’ சொல்லிக்கொடுக்காத வயலின் வாத்தியார் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். ஏறக்குறைய நாற்பது உருப்படிகள் தீட்சிதர் பெயரில் உண்டு. பலவற்றுக்கு மெட்டு வெள்ளைக்காரருடையது, சாகித்தியம் தீட்சிதருடைய சமஸ்கிருதம். ‘வந்தே மீனாக்ஷி’ ஐரிஷ்காரர்களின் ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்கிற ஆட்ட மெட்டு. ‘ச்யாமளே மீனாக்ஷி’யை வாசித்தபோது முன்வரிசைக் குழந்தைகள் ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ என்று பாடத் தொடங்கிவிட்டன. அது பிரெஞ்சுக்காரர்களின் பழைய மெட்டு. அதே மெட்டை எடுத்து மொசார்ட் பன்னிரண்டு விதமாய்ப் பியானோவில் விளையாடியிருக்கிறார். சர்ச் பையன் எழுந்து கீபோர்டில் அதில் இரண்டை வாசித்துக் காட்டினான். கொஞ்சம் தடுமாறினான், ஆனால் நிற்கவில்லை. திருவாரூர்க்காரரும் சால்ஸ்பர்க்காரரும் ஒரே காலத்தவர்கள். ஒரே மெட்டை இரண்டு மூலையில் இருந்துகொண்டு ஒருவர் அம்பாளுக்கும் ஒருவர் விரலுக்கும் உபயோகப்படுத்தியிருக்கிறார்கள்.

தீட்சிதருக்கு அந்த மெட்டுகள் எப்படிக் கிடைத்தன? அவருடைய அப்பா ராமசுவாமி தீட்சிதர், ஹம்ஸத்வனி ராகத்தைப் படைத்தவர், மணலி முதலியார்களின் ஆதரவில் சென்னைக்குப் பக்கத்து மணலியில் குடும்பத்தோடு இருந்தார். மணலி முதலியார்கள் கும்பினிக்குத் துபாஷிகள். அவர்கள் கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குப் புனித ஜார்ஜ் கோட்டைப் பேண்டு வாத்தியத்தைக் கேட்க வைத்தார்கள். கடைசித் தம்பி பாலுஸ்வாமிக்கு வயலின்மேல் ஆசை வந்தது. ஒரு வெள்ளைக்கார வாத்தியாரிடம் கற்றுக்கொண்டு அதைக் கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கினார். இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரி கிடையாது என்றால் அந்தக் குடும்பத்துக்கும், பின்னால் தஞ்சாவூர் வடிவேலுவுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இங்கேதான் எனக்கு இடறியது. ‘சந்ததம் பாஹிமாம்’ என்கிற நோட்டுஸ்வரம் ‘காட் சேவ் த கிங்’ மெட்டு. அந்த மெட்டை வாசித்த கோட்டையிலிருந்துதான், ஏறக்குறைய அதே காலத்தில், பாஞ்சாலங்குறிச்சிக்குப் பீரங்கி அனுப்ப உத்தரவு கிளம்பியது. கும்பினியின் மேஜர் பானர்மேன் 1799 செப்டம்பரில் எங்கள் கோட்டை வாசலுக்கு வந்தபோது கூட வந்த பட்டாளத்துக்கு அந்த மெட்டு மனப்பாடமாக இருந்திருக்கும். ஒரு பக்கத்தில் அதற்கு அம்பாள் பெயரை வைத்துச் சாகித்தியம் கட்டப்படுகிறது. இன்னொரு பக்கம் அதைப் பாடுகிறவர்கள் எங்கள் ஊர் மண்ணில் செத்துப் புதைகிறார்கள். அவர்கள் கல்லறைகள் இன்னும் கோட்டைக்குப் பக்கத்தில் உடைந்து கிடக்கின்றன.

பாலுஸ்வாமி பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். தம்பியைப் பார்க்க அண்ணன் வந்தார். கரிசல் காடு வெயிலில் வெடித்துக் கிடந்ததைப் பார்த்து, வழியில் அமிர்தவர்ஷிணியில் ‘ஆனந்தாமிர்தகர்ஷிணி’ பாடினார், மழை கொட்டியது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்கிற கதை. மழை பெய்ததா இல்லையா என்பது இருக்கட்டும், மழைக்கு ஏங்குகிற சீமை என்பதை அவர் பார்த்துவிட்டார். 1835 தீபாவளியன்று எட்டயபுரத்திலேயே சிஷ்யர்கள் ‘மீனாக்ஷி மே முதம்’ பாடிக்கொண்டிருக்கும்போது உயிர் பிரிந்ததாக வழக்கு. அட்டக்குளத்தங்கரையில் சமாதி. திருவாரூரில் பிறந்து காசிவரை போய் வந்தவர், நாங்கள் பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு தாண்டுகிற ஊரில் அடங்கியிருக்கிறார்.

அதோடு முடியவில்லை. பாலுஸ்வாமியின் மகள் வயிற்றுப் பேரனும் சுவீகாரப் பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர் அதே சமஸ்தானத்தில் இருந்துகொண்டு 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சில் கொண்டுவந்தார். எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சுக்கூடத்தில், தெலுங்கு எழுத்தில். ஸ்வரம் எழுதுவது அதற்கு முன்பும் உண்டு. இவர் ஒவ்வொரு கமகத்துக்கும், ஸ்வரம் எப்படி அசைகிறது, எங்கே வழுக்குகிறது என்பதற்குத் தனித்தனி குறி வைத்தார். இதை வெளியிடச் சொல்லி விடாமல் வற்புறுத்தியவர் சின்னசாமி முதலியார், ஒரு கிறிஸ்தவர். நம் பாட்டுகளை வெள்ளைக்காரர்களின் கோட்டுக் குறியில் எழுதி அச்சடித்தவர் அவர். தீட்சிதர் உருப்படிகளில் இருநூற்றுக்கு மேல் நம் கைக்கு வந்தது அந்தப் புத்தகத்தால். அதே ஊரில் பிறந்த பாரதி, சுப்பராம தீட்சிதர் 1906-இல் மறைந்தபோது அவரைப் பற்றி ஒரு பாட்டே எழுதினான். சங்கீத வித்வான்களைத் தமிழில் பாடச் சொல்லித் திட்டிய பாரதி, இவரிடம் மட்டும் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

அந்தப் புத்தகத்துக்குப் பணம் கொடுத்தது யார்? சமஸ்தானம் என்று சொல்வார்கள். சமஸ்தானத்துக்குக் கொடுத்தது யார்?

பெரியப்பா இறந்த பிறகு அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தோம். வேட்டி, ரேஷன் கார்டு, மூக்குக் கண்ணாடிக் கூடு, அதற்குக் கீழே சணல் கட்டிய ஒரு கட்டு. அந்தக் காலத்துத் தீர்வை ரசீதுகள். அவருடைய தாத்தா எட்டயபுரம் சமஸ்தானத்துக்குக் கட்டியவை. கரையான் அரிக்காமல் வேப்பிலை போட்டு வைத்திருந்தார். அந்த ஊரில் டீ குடிக்காத மனுஷன் அந்த ஊர் முத்திரையை வாழ்நாள் முழுக்கப் பத்திரப்படுத்தியிருக்கிறார், நிலத்துக்கு அதுதானே அத்தாட்சி.

கிஸ்தி கட்ட மாட்டேன் என்றவன் ஊரில், அவன் போனபிறகு நூறு வருஷத்துக்கு மேல் கிஸ்தி கட்டியிருக்கிறார்கள். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வரும்வரை பருத்தியும் கம்பும் மிளகாய் வற்றலும் ரூபாயாக மாறி அரண்மனைக்குப் போனது. அதில் எவ்வளவு யானைத் தீவனத்துக்குப் போனது, எவ்வளவு வெள்ளைக்காரனுக்குப் பேஷ்குஷ் போனது, எவ்வளவு அச்சு எழுத்து வார்க்கப் போனது என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் தீட்சிதர் சங்கீதத்தைக் காப்பாற்றியவர்கள் பட்டியல் போட்டால், ராஜா பெயருக்குக் கீழே எங்கள் கரிசல்காரன் பெயரும் வர வேண்டும். மனசார அவன் கொடுக்கவில்லை. அதனாலேயே அவன் பங்கு பெரிது என்று நான் சொல்வேன்.

இதைச் சொல்லி எட்டயபுரத்தை வெள்ளையடிக்கப் பார்க்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பணம் கட்டியவன் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கவே மாட்டான். தர்பார் ஹால் வாசலில் அவனுக்கு இடமில்லை. அவனுக்கு இருந்தது உறுமி. கட்டபொம்மன் குலத்துக் கம்பளத்தார்களின் தேவராட்டத்துக்குத் துந்துபி அடிக்க, வரிசையாக நின்று ஒரே மாதிரிக் கால் மாற்றி ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு, கூட்டாக வாசிப்பதும் கூட்டாக ஆடுவதும் கரிசலுக்குப் புதுசு இல்லை என்று தெரியும். அதைப் பிரித்துக் குறி போட்டு அச்சடிக்க எந்த அச்சுக்கூடமும் முன்வரவில்லை. கட்டபொம்மன் கதைப்பாட்டு ஏட்டிலும் வாயிலுமாக உயிர் பிழைத்து, நா. வானமாமலை மாதிரி ஆட்கள் வந்தபிறகுதான் ஒழுங்காகப் புத்தகமானது. பெரியப்பா கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது, ஆள்தான் மாறிப்போயிற்று என்று நினைக்கிறேன்.

இரண்டாம் பாதியில் ஹம்ஸத்வனி ‘வாதாபி கணபதிம்’. முதல் பாதியில் நடந்தது அப்படியே தலைகீழானது. நோட்டுஸ்வரம் வாசித்தபோது தாவணிப் பெண்களுக்குக் கை தன்னால் அசைந்துகொண்டிருந்தது. காந்தாரத்தில் லேசாக ஒரு நடுக்கம் வந்துவிடும். வாத்தியார் கச்சேரிக்கு நடுவிலேயே “அசைக்காத, நிறுத்து” என்று உதட்டைச் சுழித்துச் சைகை காட்டினார். சர்ச் பையனுக்கு அது அத்துப்படி, கம்பி மாதிரி நின்றது. ‘வாதாபி’ வந்ததும் அவன் தவித்தான். எல்லா வயலினும் ரிஷபத்திலிருந்து வளைந்து இறங்கும்போது அவனுடையது மட்டும் படி இறங்கிற்று. பக்கத்துப் பெண் வில்லை நிறுத்தாமல் அவன் பக்கம் தன் இடது கையைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினாள். மூன்றாவது சங்கதியில் அவன் விரல் வழுக்கப் பார்த்தது. வழுக்கியது என்று சொல்ல மாட்டேன், பார்த்தது.

கடைசியில் கழுகுமலை முருகன்மேல் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்து. அப்போது ஹாலில் யாரும் சும்மா இருக்கவில்லை. உப்பளத்துக் கணக்குப்பிள்ளை வாசித்துக்கொண்டே தலையால் தாளம் போட்டார்.

இந்த மாதிரிக் கூட்டு வாசிப்பு அமெரிக்காவில் நன்றாக நடக்கிறது. சின்சினாட்டியில் கன்னிகேஸ்வரன் என்கிற இசையமைப்பாளர் ஊர்த் தமிழர்களையும் மற்றவர்களையும் சேர்த்துப் பெரிய பாட்டுக்குழு வைத்து, வெள்ளைக்கார வாத்தியக் குழுவோடு பாட வைக்கிறார். நோட்டுஸ்வரங்களைத் தேடித் தொகுத்துப் பதிவு செய்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே நடப்பது இங்கே தீட்சிதர் அடங்கிய ஜில்லாவில் ஒரு பள்ளிக்கூட ஹாலோடு நிற்பானேன் என்று தோன்றியது. கச்சேரி முடிந்ததும் வாத்தியாரிடம், எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு வந்து வாசிப்பீர்களா என்று கேட்டேன்.

யோசித்தார். “உறுமி அடிப்பாங்கல்லா? அது வெயில்ல ஒரு சுருதி, ராத்திரி ஒரு சுருதி. வயலினை அதுக்கு இழுத்துக் கூட்டுனா தந்தி அறுந்துபோகும், அண்ணாச்சி. நாலு மைக் தருவாங்களான்னு முதல்ல கேட்டுச் சொல்லுங்க.”

கொடை கமிட்டியில் கேட்டேன். மெல்லிசைக் கச்சேரிக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, அதற்கு முன்னால் சாயங்காலம் அரைமணி நேரம் தரலாம், மைக்கும் உண்டு என்றார்கள். என்ன வாசிப்பார்கள் என்று கேட்டார்கள். நோட்டுஸ்வரக் கதையை ஒளிக்காமல் சொன்னேன். கமிட்டியில் மூத்தவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “எல்லாம் வாசிக்கட்டும், அந்த ராஜா பாட்டு மட்டும் வேண்டாம். இந்த மண்ணுல அது வேண்டாம்” என்றார்.

வாத்தியாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். “அவர் சொல்றது சரிதான். ஐரிஷ் மெட்டு இருக்குல்லா, அதை முதல்ல வச்சுக்கிடுவோம். அவனும் நம்மள மாதிரி இங்கிலீஷ்காரன்கூடச் சண்டை போட்டவன்தான்” என்றார்.