கமலா கானும் கடைசி ரயிலும்

சூப்பர் ஹீரோ படங்கள் என்றால் அவை சிறுவர்களின் பொழுதுபோக்கு, பெரியவர்களுக்கு அதில் ஓர் அலுவலும் இல்லை என்பதே நம்மவர் வீடுகளில் பொதுவாக நிலவும் அபிப்பிராயம். வானத்தில் பறப்பார்கள், கட்டிடங்களை இடிப்பார்கள், ஈற்றில் உலகம் காப்பாற்றப்படும். இந்த அபிப்பிராயம் பெரும்பாலும் சரியானதுதான். ஆயினும், 2022 ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் டிஸ்னி நிறுவனத்தார் ஆறு அங்கங்களாக ஒளிபரப்பிய 'மிஸ் மார்வெல்' என்னும் தொடரும், அதன் தொடர்ச்சியாக 2023 நவம்பர் 10 ஆம் திகதி திரைக்கு வந்த 'த மார்வெல்ஸ்' என்னும் படமும் சங்க அங்கத்தவர்கள் தம் பிள்ளைகளுடன் கூட இருந்து பார்க்கத் தக்கவை. எங்கோ ஒரு கிரகத்தில் நடக்கும் சண்டைக்காக அல்ல. அந்தக் கதையின் நடுவில் ஒரு குடும்பம் இருக்கிறது.

கமலா என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு இலக்குமியின் நினைவு வரும். இவள் அந்தக் கமலா அல்லள். அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்து ஜேர்சி சிற்றியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண், பதினாறு வயது. அரபு மொழியில் 'கமால்' என்றால் நிறைவு என்றும், உருதுவில் அதனையே அற்புதம் என்ற பொருளில் வழங்குவார்கள் என்றும் தொடரின் கடைசி அங்கத்தில் தகப்பனார் மகளுக்கு எடுத்துரைக்கிறார். மார்வெல் என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளும் அதுவே. வேடமேற்றிருக்கும் இமான் வெல்லானி 2002 இல் கராச்சியில் பிறந்து, கைக்குழந்தையாகக் கனடாவுக்கு வந்து, ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் வளர்ந்தவர். நம்மவர் வீதிக்கு வீதி வாழும் அதே மார்க்கம்.

தொடரின் தொடக்க அங்கங்கள் ஒரு பள்ளிவாசலைச் சுற்றி நடக்கின்றன. ஆலய நிருவாகத்தில் ஒருமுறையேனும் பங்குபற்றியவர்கள் இவற்றைச் சிரிக்காமல் பார்க்க முடியாது. கமலாவின் தோழி நக்கியாவின் விலையுயர்ந்த சப்பாத்துக்கள் பள்ளிவாசல் வாசலில் களவு போகின்றன. பெண்கள் பக்கம் பராமரிப்பின்றிக் கிடக்கிறது. பொறுத்துப் பார்த்த நக்கியா, நிருவாக சபைத் தேர்தலில் தானே நின்று வெற்றியும் பெறுகிறாள். பெருநாள் சந்தையில் அவள் ஒவ்வொரு கூட்டமாகப் போய் வாக்குக் கேட்கும் காட்சியில், ஊர்ப்புதினம் பேசும் மாமிமாரின் கூட்டமொன்று தனியாக நிற்கிறது. எந்தச் சமயத்தாரின் மண்டபத்திலும் அந்தக் கூட்டத்துக்கு ஒரு மேசை உண்டு போலும்.

ஆனால் முதல் அங்கத்தில் வரும் ஒரு சிறு சம்பவம்தான் பெற்றோரை உறுத்தும். சூப்பர் ஹீரோ இரசிகர்களின் விழாவுக்குப் போக மகள் அனுமதி கேட்கிறாள். தாயார் முனீபா முதலில் மறுத்து, பின் இரங்கி, தகப்பனோடு போவதானால் போகலாம் என்கிறார். அதற்காகத் தம் கையாலேயே தகப்பனுக்கும் மகளுக்கும் 'ஹல்க்' என்ற பச்சை மனிதனின் கோலத்தில் சல்வார் உடை தைத்து வைக்கிறார். தகப்பனார் யூசுப் முகத்திலும் பச்சை பூசிக்கொண்டு, ஒரு குழந்தையின் மகிழ்ச்சியோடு வந்து நிற்கிறார். மகளுக்கோ அவமானம் தாங்கவில்லை, சுடுசொல் வந்துவிடுகிறது. அந்த மனிதரின் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டும். பிள்ளைமேல் பிழையென்றும் சொல்ல முடியாது, பெற்றோர்மேல் பிழையென்றும் சொல்ல முடியாது. அன்றிரவு அவள் வீட்டாருக்குத் தெரியாமல் வெளியே போகிறாள்; அங்கேதான் அம்மம்மா அனுப்பிய பழைய காப்பு ஒன்றினால் அவளுக்குச் சக்தி பிறக்கிறது.

புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளின் இரட்டை வாழ்க்கை வைத்தியர்களுக்குப் பழகிய விஷயம். வயிற்றுக்குத்து என்று கொண்டுவரப்படும் பதின்ம வயதினர் பலருக்கு எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் அகப்படாது. வலி மெய்யானதுதான், ஆனால் வீட்டில் சொல்ல முடியாத செய்தி ஒன்று உள்ளே கிடக்கும். சூப்பர் ஹீரோக் கதைகள் பெரும்பாலும் இப்படியான இரகசியத்தின் மேலேயே கட்டப்பட்டவை. முகமூடி அணிவது யாரென்று வீட்டாருக்குத் தெரியக்கூடாது. 'மிஸ் மார்வெல்' தொடரின் புதுமை, அந்த இரகசியத்தை அது வேண்டாமென்று தள்ளிவிடுவதே. ஈற்றில் கமலா நடுங்கியபடி உண்மையைச் சொல்ல வரும்போது வீட்டார் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அவள் அணியப்போகும் வீர உடையைத் தாயாரே கொண்டுவந்து கையில் கொடுக்கிறார். பச்சைச் சல்வார் தைத்த அதே தாயார்.

தாய்க்கு உண்மை தெரியவந்தது கராச்சியில். நான்காம், ஐந்தாம் அங்கங்கள் அங்கே நடக்கின்றன. 1947 ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது கராச்சிக்குப் புறப்படும் கடைசி ரயில் நிலையத்தில் நிற்கிறது. மேடை முழுவதும் மனிதர்கள், கூரையிலும் மனிதர்கள். கமலாவின் அம்மம்மா சனா அப்போது சிறு குழந்தை. தாயை அன்றே இழந்து, கூட்டத்தில் தகப்பனையும் தவறவிட்டு அழுது நிற்கிறாள். நட்சத்திரம் போன்ற ஒளித்துளிகள் வழிகாட்ட அவள் தகப்பனிடம் சேர்ந்தாள் என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்த ஒளியை உண்டாக்கியது காலத்தைக் கடந்து வந்த பேத்தி கமலாவே என்று தொடர் காட்டுகிறது. அந்த நிலையத்தில் எத்தனையோ குழந்தைகள் நின்றிருப்பார்கள். ஒளி ஒரு குழந்தைக்குத்தான் கிடைத்தது.

மார்க்கத்தில் ஒரு வீட்டில் பேத்தியும் தாயும் அம்மம்மாவும் இந்த அங்கத்தைச் சேர்ந்திருந்து பார்த்தார்கள். முடிந்ததும் பேத்தி கேட்டாள்: "அம்மம்மா, நீங்களும் இப்பிடித்தான் வந்தனீங்களோ?"

"ரயில் இல்லைப் பிள்ளை, கப்பல்" என்றார் அம்மம்மா.

1983 ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தை வீட்டை விட்டு ஓடி, இரத்மலானை விமான நிலையத்து முகாமில் பல நாள் கிடந்து, கொழும்பில் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கியவர் அவர். அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது வேறு. முகாமில் பக்கத்துப் பாயில் ஒரு பெண் இருந்தாராம்; அவருடைய பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். கப்பலுக்குப் பெயர் கூப்பிட்டபோது இந்தக் குடும்பத்தின் பெயர் வந்தது, அந்தக் குடும்பத்தின் பெயர் வரவில்லை. "கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதா. நான் கையை இழுத்துக்கொண்டு போனன்." அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை அவர் காணவில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருந்த மகளுக்கு இப்போது நாற்பது கடந்துவிட்டது. அன்று கப்பலில் அம்மம்மாவின் இடுப்பில் இருந்தவர் அவர்தான். அவருக்கும் இது புதுக்கதை.

இனிப் படத்துக்கு வருவோம். ஒளிச் சக்தி கொண்ட மூன்று பெண்கள், கப்டன் மார்வெல், மொனிக்கா ராம்போ, கமலா, சக்தியைப் பயன்படுத்தும் போதெல்லாம் ஒருவர் இருந்த இடத்துக்கு மற்றவர் மாறிவிடுகிறார்கள். கமலாவின் வீட்டு வரவேற்பறையிலேயே வேற்றுக்கிரகப் படைவீரர் வந்து விழுந்து வீடு நொறுங்குவது நல்ல வேடிக்கை. சிறிது நேரத்தில் கதை கனக்கிறது. ஸ்க்ரல் என்னும் அகதி இனத்தார் குடியேறியிருக்கும் கிரகத்தின் காற்று களவாடப்படுகிறது. மூச்சுத் திணறும் சனங்களைக் கப்பலில் ஏற்றுகிறார்கள். எல்லோரையும் ஏற்ற நேரம் இல்லை. மிஞ்சி நிற்பவர்களையும் கூட்டிப்போக வேண்டுமென்று கமலா மன்றாடுகிறாள். முடிந்தவர்களைக் காப்பாற்றிக்கொண்டு புறப்படுவதே வழி என்று கப்டன் மார்வெல் முடிவெடுக்கிறார். கப்பல் எழும்புகிறது.

தொடரைப் பார்க்காதவருக்கு இது ஓர் இளம்பெண்ணின் பிடிவாதம். பார்த்தவருக்கு அப்படியல்ல. கடைசி ரயிலில் இடம் கிடைத்த ஒரு குழந்தையின் பேத்தி, இடம் கிடைக்காதவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். காத்தவராயன் கூத்துக்கு ஊர் திரண்டு போனது கதை தெரியாமலா? கதை தெரிந்தபடியால்தான் கழுமரம் ஏறும்போது கண்ணீர் வந்தது. ஒரு தொடரைத் தொடர்ந்து வரும் படத்துக்கு இருக்கக்கூடிய உண்மையான பலம் அதுவே.

அந்தப் பலத்தைப் படம் கையில் வைத்துக்கொண்டே நழுவவிட்டது. நெப்போலியனின் படை வைத்தியர் லாரே, காயம்பட்டவர்களைப் பதவி பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்து வரிசைப்படுத்தும் முறையை வகுத்தார். இன்றும் பெரும் விபத்துக்களில் அதன் வழிவந்த முறைதான். இன்னாரை முதலில் பார், இன்னாரை விட்டுவிடு என்று முதன்முதலாகச் சொல்ல நேர்ந்த இளம் வைத்தியர் அன்றிரவு உறங்கமாட்டார். அனுபவமுள்ள ஒருவர் அவர் பக்கத்தில் இருந்து ஒரு தேத்தண்ணியாவது குடித்துக் கதைக்க வேண்டும். கமலாவுக்கு அந்த அவகாசம் போதிய அளவு கொடுக்கப்படவில்லை. சற்று நேரத்தில் எல்லோரும் பாட்டாகவே பேசும் ஒரு கிரகத்துக்குப் போய் ஆடிப்பாடுகிறார்கள். 105 நிமிடப் படம். 2019 இல் வந்த 'கப்டன் மார்வெல்' படத்தையும், மொனிக்காவுக்குச் சக்தி வந்த 2021 ஆம் ஆண்டு 'வாண்டாவிஷன்' தொடரையும், கமலாவின் கதையையும் ஒன்றாக முடிய வேண்டியிருந்தது. அவசரம் தெரிகிறது. நடிகர்களின் வேலைநிறுத்தம் படம் வெளிவருவதற்கு முதல்நாள்தான் முடிந்தது என்பதால் விளம்பரமும் குறைவு. உலகம் முழுவதிலும் ஏறத்தாழ 206 மில்லியன் டொலர் மட்டுமே வசூலானது. மார்வெல் வரிசையில் அதுதான் ஆகக் குறைந்த வசூல். இயக்குநர் நியா டகோஸ்ராவை மட்டும் குறைசொல்வது நியாயமன்று.

இத்தனைக்கும் அதே படத்தில், அதே சிக்கல், இன்னொரு முறை வருகிறது. கமலாவின் தாய், தகப்பன், தமையன் மூவரும் தங்கவைக்கப்பட்டிருக்கும் விண்வெளி நிலையம் பழுதடைகிறது. தப்பிச் செல்லும் கலங்கள் போதாது. இம்முறை ஒருவரும் கைவிடப்படவில்லை. எதையும் முழுதாக விழுங்கிப் பின் சேதமின்றிக் கக்கிவிடும் அதிசயப் பூனைக்குட்டிகள் அங்கே குட்டிகுட்டியாகப் பொரித்திருக்கின்றன. அவை ஊழியர்களைத் துரத்தித் துரத்தி விழுங்குகின்றன. குட்டிகளைக் கலங்களில் ஏற்றினால் அத்தனை பேரையும் ஏற்றியாயிற்று. சனங்கள் அலறி ஓட, பின்னணியில் உருக்கமான பாட்டு. அபத்தம்தான்; படத்தின் மிகச் சிறந்த காட்சியும் அதுதான்.

மார்க்கத்து வீட்டில் பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மம்மாவும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அண்டைக்கு எங்களிட்டையும் இப்பிடி ஒரு பூனை இருந்திருந்தால் அவவையும் பிள்ளையையும் கொண்டு வந்திருக்கலாம்" என்றார்.