விசையும் எழுத்தும்

தறி நெய்வார்க்கு நல்ல நூல் மட்டும் போதாது. கருவிகள் தம்முள் பொருந்துதலும் வேண்டும். காஞ்சிபுரத்திற்கும் செங்கற்பட்டிற்கும் இடையே, பாலாற்றங்கரையில் அமைந்த எம் ஊராகிய வாலாஜாபாத்தில் இவ்வுண்மையைச் சிறுவரும் அறிவர். பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு என்பார் 1804ஆம் ஆண்டளவில் வகுத்த முறைப்படி, சேலையிற் பொலியும் அன்னமும் மயிலும் முன்னரே துளையிட்ட அட்டைகளிற் குறிக்கப்பெற்றிருக்கும். ஊசிகள் அத்துளைகளை உணரப் பாவு நூல் உயரும். ஒரு பெட்டிக்கெனத் துளையிட்ட அட்டைக்கோவையை, ஊசிகளின் எண்ணிக்கை வேறாகிய பிறிதொரு பெட்டியில் ஏற்றினால் அன்னம் அன்னமாய் வாராது. அட்டையிலும் குற்றமில்லை; பெட்டியிலும் குற்றமில்லை; இரண்டற்கும் இடையே உடன்பாடின்மையே குற்றம். கணினிக்கும், அதனோடு இணைக்கப்பெறும் விசைப்பலகை, சுட்டெலி முதலியவற்றிற்கும் நேரும் பிணக்கும் இத்தன்மையதே.

இப்பிணக்கினை அகம், புறம் என இருவகைப்படுத்தல் தமிழ் பயில்வார்க்கு எளிதாகும். செருகி பற்றியது புறம். எழுத்துப் பற்றியது அகம்.

முதற்கண் புறத்தைக் காண்போம். டக்ளஸ் எங்கெல்பார்ட்டு என்னும் அமெரிக்க அறிஞர் சுட்டெலியை 1968ஆம் ஆண்டு அவையோர்முன் இயக்கிக் காட்டிய பின்னர், அதனைக் கணினியோடு பிணைக்கும் வழிகள் பலவாயின. அவற்றுள் ஒன்று, ஐ.பி.எம். நிறுவனத்தார் 1987இல் கொணர்ந்த ஆறு முள் வட்டச் செருகி. விசைப்பலகைக்கும் சுட்டெலிக்கும் அச்செருகி ஒரே வடிவினதாகலின், ஊதா நிறத்தை முன்னதற்கும் பச்சை நிறத்தைப் பின்னதற்கும் அடையாளமாகப் பின்னர்த் தீட்டினர். பழைய கணினிகளில் நிறம் மாற்றிச் செருகியவர்க்கு இரண்டுமே இயங்காதொழிதல் வழக்கம். உருவம் ஒத்தலும் உள்ளம் ஒத்தலும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? 1996இல் தோன்றிய யு.எஸ்.பி. முறை இப்புறப்பூசலைப் பெரிதும் தணித்தது. அம்முறையிற் செருகப்பெற்ற கருவி, ‘யான் சுட்டெலி’, ‘யான் விசைப்பலகை’ என்று தன் இனத்தைத் தானே கணினிக்கு அறிவித்துக்கொள்ளும். அறிமுகம் செய்துகொள்ளும் நாகரிகம் வந்தவுடன் சண்டை குறைந்தது.

அகப்பூசலோ அத்துணை எளிதில் தீர்ந்திலது. விசையின்மேல் எழுத்துப் பொறிக்கப்பட்டிருத்தலின், அவ்வெழுத்தே கணினிக்குச் செல்லுவதாக நாம் எண்ணுகின்றோம். உண்மை அஃதன்று. இன்ன இடத்து விசை அழுந்தியது என்னும் எண் ஒன்றே செல்லும். அதற்கு எழுத்தாகிய பொருளை வழங்குவது கணினியினுள் இருக்கும் விசையமைப்பு. ஆங்கில ‘ஜே’ பொறித்த விசையொன்றையே நோக்குமின். பழைய தட்டச்சுப்பொறியின் அமைப்பில் அது தகரம். தமிழ் 99 அமைப்பில் பகரம். நடுவணரசு சார்பில் வகுக்கப்பட்ட இன்ஸ்கிரிப்டு அமைப்பில் ரகரம். ஆங்கில ஒலிவழித் தட்டுவார்க்கு ஜகரம். ஒரு சொல் பல பொருள் குறித்தலை நிகண்டிற் கற்றோம்; ஒரு விசை பல எழுத்துக் குறித்தலைக் கணினியிற் காண்கின்றோம்.

இவ்வேற்றுமை மனம்போன போக்கில் வந்ததன்று. யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கியபோது, 247 எழுத்துகளையும் சில பத்து விசைகளுள் அடக்கவேண்டியிருந்தது. புள்ளி போன்ற குறிகளுக்கு நகரா விசை அமைத்தனர். அதனைத் தட்டினால் தாள் நகராது. ஆதலின் புள்ளியை முன்னர் இட்டு மெய்யைப் பின்னர்த் தட்டல் வேண்டும். ‘கெ’ என்பதற்கும் கொம்பு முன், ககரம் பின். இது கண்ணின் வரிசை. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பதோ தொல்காப்பியனார் காலந்தொட்டு வரும் இலக்கணம். அது செவியின் வரிசை. 1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையிற் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 அமைப்பு, உயிரை இடக்கைக்கும் மெய்யை வலக்கைக்கும் பெரும்பாலும் பங்கிட்டு, இச்செவி வரிசையையே பின்பற்றுகின்றது. ககரத்தைத் தட்டி எகரத்தைத் தட்டினால் ‘கெ’ பிறக்கும். இலக்கணம் கற்றார்க்கு இஃது இனிது. கண்ணின் வரிசையில் விரல் பழகியவர்க்கோ?

எம் சிறிய தாயார் வாலாஜாபாத்தில் தட்டச்சுப் பயின்று, அரசுத் தேர்வில் முதுநிலையிலும் தேறியவர். திருச்சபையின் கீர்த்தனைத் தாள்களையும் நெசவாளர் பலரின் விண்ணப்பங்களையும் தட்டித் தந்தவர். சின்னாட்களுக்கு முன்னர் ஓரிடத்தில் வேலைக்கென விண்ணப்பித்து, தேர்வுக்குச் சென்றனர். விரலைப் பதப்படுத்துவார்போல முதற்பாடமாகிய ‘யளனக’ என்பதனை இடக்கையாற் தட்டினர். கணினியில் தமிழ் 99 அமைந்திருந்தமையால் அ, இ, உ என வந்தன. நான்காம் விரல் புள்ளி விசையில் விழுந்தது. மூன்றும் சுட்டெழுத்துகள், ஆயின் சுட்டப்படும் பொருளோ யாதுமில்லை! அமைப்பை மாற்றித் தருமாறு கேட்டும் அங்கிருந்தார் செவிசாய்த்திலர். ‘தமிழ்த் தட்டச்சு அறியாதவர்’ என்று எழுதி அனுப்பிவிட்டனர். வீடு திரும்பியவர், “விரல் சரியாகத்தான் போகிறது, எழுத்துத்தான் வேறாய் வருகிறது” என்றுமட்டும் கூறினர். முப்பதாண்டுப் பயிற்சியை அரைமணிப்பொழுதில் அறியாமையென்று பெயரிட்டழைத்தமை எம் நெஞ்சை இன்றும் வருத்துகின்றது.

பிறிதொன்றும் உண்டு. எம் பாட்டனார் தறியிற் பயிலும் சொற்களைப் பொருளோடு தொகுத்துவந்தார். பாவு, ஊடை, விழுது, கோர்வை என அவை விரியும். நமக்கு ‘அச்சு’ என்பது நூல் பதிப்பது, அவர்க்கோ பாவு நூலைப் பிரித்து நிறுத்தும் பல்வரிசை. அத்தொகுப்பைச் சிறிய தாயாரே பாமினி என்னும் எழுத்துருவில் தட்டிக் குறுந்தகட்டிற் சேமித்துவைத்தார். பாட்டனார் மறைந்தபின் அத்தகட்டை யாம் புதுக்கணினியிற் திறந்தபொழுது, தமிழ் ஓரெழுத்தும் இல்லை. ‘தமிழ்’ என்னும் சொல் இருந்த இடமெல்லாம் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகள் நான்கும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. காரணம் யாதெனில், கணினி சேமித்தது தகரத்தையன்று. ஆங்கில ஜே என்பதற்குரிய 106 என்னும் எண்ணையே. அதன்மேல் தகரத்தின் வடிவைப் போர்த்தியது எழுத்துரு. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் போர்வை நீங்கவே, உள்ளிருந்தது வெளிப்பட்டது. எழுத்துமாற்றியைக்கொண்டு யாம் அதனை மீட்கத் தொடங்கினோம். கொம்பின் வரிசையை முறையாக மாற்றாதவழிக் கொம்பு தனக்குரிய மெய்யை விட்டு முன்னின்ற மெய்யின்மேல் ஏறிக்கொள்கின்றது. ஆதலின் வரிவரியாய் ஒப்புநோக்கினோம். ஐயுற்ற சொற்களைக் கேட்டறியப் பாட்டனார் இலர். சிறிய தாயாரின் நினைவே துணையாயிற்று.

இவ்விரண்டு நிகழ்ச்சியும் எமக்கு உணர்த்தியது ஒன்றே: ஒருமை வேண்டுமிடம் வேறு, பன்மை தகுமிடம் வேறு. சேமிக்கப்பெறும் எழுத்து எங்கும் ஒன்றாதல் வேண்டும். 1991இல் வெளிவந்த யூனிகோடு முறை தமிழெழுத்துகளுக்குத் தனியெண்களை வரையறுத்தது. அதன்படி தகரத்திற்கு 2980 என்னும் எண் உலகெங்கும் உரியது. தமிழக அரசும் 2010ஆம் ஆண்டு யூனிகோட்டினை ஏற்றது. பாட்டனார் தொகுப்புப் போன்றவை இனி அழியாதிருக்க இவ்வொருமையே அரண். ஆயின் விரலுக்கு அவ்வொருமையை வற்புறுத்தல் வேண்டா. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் முதலிய மென்பொருள்கள் பழைய தட்டச்சு, தமிழ் 99, ஒலிவழி எனப் பல அமைப்புகளையும் தந்து, எவ்வழித் தட்டினும் யூனிகோட்டு எழுத்தையே விளைவிக்கின்றன. சிறிய தாயார்க்கு மறுக்கப்பட்டது விலையுயர்ந்த கருவியன்று. ஓரமைப்பைத் தெரிவுசெய்யும் சிறுதொழிலே.

‘அனைவரும் ஓரமைப்பையே பயின்றால் தொல்லை தீருமன்றோ?’ என்பார் உளர். புதிதாய்ப் பயில்வார் தமிழ் 99 பயிலட்டும். யாமும் அதனையே பயின்றுள்ளோம். ஆயின் முன்பே கைவந்தவரைக் கல்லாதவராக்குதல் சீர்திருத்தமாகாது. செருமனி நாட்டு ஆல் நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரியனவாய் இருந்தமையின், சீகன்பால்கு ஐயரும் அவர்தம் துணைவரும் தரங்கம்பாடியிலேயே சிற்றெழுத்து வார்த்துப் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தனர். எழுத்துப் பொருந்தாதபோது அவர்கள் நூலைச் சுருக்கினாரல்லர், கருவியைத் திருத்தினர்.

ஆதலின், மாணவ நண்பர்காள், நும் இல்லங்களிற் பழைய தகடுகள் உளவாயின் இன்றே திறந்து பார்மின். தட்டியவர் உயிரோடிருக்கும்போதே அவற்றை யூனிகோட்டிற்கு மாற்றி ஒப்புநோக்குமின். நாளை நம்முட் சிலர் அலுவலகங்களில் அமர்ந்து பிறரைத் தேர்வு செய்யும் நிலையை அடைவோம். அன்று நம்முன் ஒருவர் தட்டியது பிழையாய் வருமாயின், அவர் விரலை ஐயுறுமுன், ‘எவ்வமைப்பிற் பயின்றீர்?’ என்று ஒரு வினாக் கேட்போமாக.