கோலம் நோட்டில் ஒரு பாஸ்வேர்டு

2025 மே 12, அதிகாலை. அழகர் வைகையில் இறங்குவதைப் பார்க்க ஆழ்வார்புரம் கரையில் நின்ற கூட்டத்தில் அந்தத் தம்பதியும் இருந்தார்கள். அவருக்கு 67 வயது, நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு 62. கோவிந்தா கோஷம் அடங்கிய பிறகு, தண்ணீர் பீய்ச்சியவர்கள் நனைத்துவிட்டுப் போன சட்டையைப் பிழிந்தபடியே பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். மூக்குக் கண்ணாடிக் கூடு இருந்தது. செல்போன் இல்லை.

“போனாப் போகுது விடுங்க, பழைய போன்தான” என்றார் மனைவி. அவர் பதில் சொல்லவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

காரணம் இருந்தது. அந்தப் போனில் ‘ஏடிஎம் அண்ணன்’ என்று ஒரு பெயர் பதிவாகியிருந்தது. அப்படி ஓர் அண்ணன் கிடையாது. அந்தப் பொய் நம்பரின் கடைசி நான்கு எண்கள் 1983, அவர்களுக்குக் கல்யாணம் ஆன வருடம். ஏடிஎம் கார்டுக்கும், பணம் அனுப்பும் ஆப்புக்கும் அதுதான் பின். நெட் பேங்கிங் பாஸ்வேர்டைத் தனக்குத் தானே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருந்தார். ஆதார், பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் கேலரியில். போனுக்கு லாக் கிடையாது. ஆலையில் நூலோடு உரசித் தேய்ந்த விரல்களின் ரேகையை அந்தப் போன் ஏற்றுக்கொள்ளவில்லை. நாலைந்து தடவை முயன்றுவிட்டு, கோபத்தில் லாக்கையே எடுத்துவிட்டார்.

ஓய்வு பெற்றபோது வந்த பணம் முழுக்க ஃபிக்சட் டெபாசிட்டில் கிடந்தது. அதை பேங்குக்குப் போகாமலே போனில் உடைக்கலாம் என்று தெருவில் பெருமையாகச் சொன்னவரும் அவரேதான்.

செல்லூர் வீட்டுக்கு அரை ஓட்டமாக வந்து சேர்ந்தார்கள். பக்கத்து வீட்டில் போன் வாங்கியாயிற்று. யாருக்கு அடிப்பது? கோயம்புத்தூரில் இருக்கும் மகனின் நம்பர் அப்பாவுக்கு மனப்பாடம் இல்லை. அம்மா நேராகக் காலண்டருக்குப் பக்கத்துச் சுவருக்குப் போனார். பால்காரர், கேஸ், மகன், மருமகள் என்று அத்தனை நம்பரும் பென்சிலில் அங்கே இருந்தது. போன மாசம் வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விடச் சொல்லி அவர் சண்டை போட்டிருந்தார்.

பேங்கின் உதவி எண் டெபிட் கார்டின் பின்னாலேயே அச்சாகியிருந்தது. மகன் பேசினால் எடுபடவில்லை, கணக்குதாரரே பேச வேண்டும் என்றார்கள். கான்ஃபரன்ஸ் போட்டு, பிறந்த தேதி சொல்லி, கார்டு, யுபிஐ, நெட் பேங்கிங் மூன்றையும் முடக்கியபோது மணி எட்டைத் தாண்டிவிட்டது. அதற்குள் இரண்டு தடவையாக 9,500 ரூபாய் போயிருந்தது. டெபாசிட் தப்பியது.

அதன் பிறகு சிம்மை முடக்குவது, சைபர் குற்ற உதவி எண் 1930-ல் சொல்வது, ஸ்டேஷனில் புகார், புகார் நகலை வைத்து ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் போனையே முடக்குவது என்று அந்த வாரம் ஓடியது. மறுநாள் பேங்கில் அதிகாரி முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: “பின் நம்பரை எங்கயாவது எழுதி வச்சிருந்தீங்களா சார்?”

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஃபேனைப் பார்த்தார்.

கேள்வியில் விஷயம் இருக்கிறது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கி மேலும் தப்பில்லை, வாடிக்கையாளர் மேலும் தப்பில்லை, வேறெங்கோ நடந்த கோளாறில் பணம் போனது என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை என்றது அது. வாடிக்கையாளரின் அஜாக்கிரதை என்றால், வங்கிக்குச் சொல்கிற நிமிடம் வரை போன பணம் அவர் தலையில்தான். சொன்ன பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. சுவரில் இருந்த அந்தப் பென்சில் எழுத்தின் மதிப்பு அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. 9,500 இன்னும் திரும்பவில்லை.

எழுதி வைத்ததே குற்றம் என்று அவரைத் திட்டத் தோன்றும். அது நியாயமில்லை. கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்டைக் கொண்டுவந்த முன்னோடி என்று சொல்லப்படும் எம்.ஐ.டி. விஞ்ஞானி ஃபெர்னாண்டோ கார்படோவே, 2014-ல் ஒரு பேட்டியில், தன் பாஸ்வேர்டுகளுக்கு ஒரு குறிப்புத் தாள் வைத்திருப்பதாக ஒப்புக்கொண்டார். நல்ல கடினமான பாஸ்வேர்டாக வைத்து, சின்னத் தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள் என்று பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் 2005-லேயே சொன்னார். பூட்டையும் சாவியையும் ஒரே பையில் போட்டதுதான் இந்த வீட்டில் நடந்த தப்பு.

கோயம்புத்தூரிலிருந்து வந்த மருமகள் ஐ.டி. வேலை பார்ப்பவர். “பாஸ்வேர்டு மேனேஜர்னு ஆப் இருக்கு அத்தை. எல்லாத்தையும் பூட்டி வச்சுக்கும். நீங்க ஒரே ஒரு பாஸ்வேர்டை மட்டும் ஞாபகம் வச்சாப் போதும்.”

“அது சரித்தா, அந்த ஒண்ணை உங்க மாமா மறந்துட்டா?”

மருமகளுக்குப் பதில் வரவில்லை. அந்த ஒன்றை மறந்தால் பல ஆப்களில் கம்பெனிக்காரனே நினைத்தாலும் திறக்க முடியாது. அதன் பலமே அதுதான். கடைசியில் மகனும் மருமகளும் அந்த ஆப்பையே வைத்துக்கொண்டார்கள். பெரியவர்களுக்கு வேறு ஏற்பாடு.

அம்மாவிடம் 40 வருடக் கோலம் நோட்டு ஒன்று உண்டு. அதில் பதினைந்து புள்ளிக் கோலத்துக்கும் மயில் கோலத்துக்கும் நடுவே ஒரு பக்கத்தில் நான்கு வார்த்தைகள். சாப்பாடு, சாமான், ஊர், பூ என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-ல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: மாதாமாதம் மாற்றச் சொல்லிப் படுத்தாதீர்கள், நீளமாக இருக்கட்டும். மதுரையில் ‘மீனாட்சி@123’ என்ற சாவிக்குத் திறக்கும் கணக்குகள் எத்தனையோ, அது அந்த அம்மனுக்கே வெளிச்சம்!

நோட்டில் இருப்பது முழு பாஸ்வேர்டு இல்லை. கடைசியில் ஒரு சொல்லும் ஒரு குறியும் சேர வேண்டும். அது இரண்டு பேர் மனதில் மட்டும். புதுப் போனுக்கு ஆறு இலக்க லாக், சிம்முக்கே தனியாக ஒரு பின். சிம் பின் போட்டால், திருடியவன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்க முடியாது. மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம்மே பூட்டிக்கொள்ளும். ஏடிஎம் அண்ணன் காலமாகிவிட்டார்.

ஒருநாள் அம்மா மெதுவாகக் கேட்டார். “எல்லாம் சரிங்க. நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா, நான் எந்த பேங்குல போய் நிக்கிறது?”

அவருக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே உட்கார்ந்து, நோட்டின் முதல் பக்கத்தில் எந்தெந்த பேங்க், எந்தக் கிளை, நாமினி யார் என்று எழுதினார். அதில் பாஸ்வேர்டு எதுவும் இல்லை. கணவர் போன பிறகு மனைவிக்குத் தேவைப்படுவது அவருடைய பாஸ்வேர்டு இல்லையே. நாமினியாகப் பெயர் இருந்து, இறப்புச் சான்றிதழோடு கிளைக்குப் போனால் போதும். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். கணக்கு இருப்பதே வீட்டுக்குத் தெரியாமல் கிடக்கும் பணத்தைத் தேடுவதற்கென்றே 2023-ல் ரிசர்வ் வங்கி ‘உத்கம்’ என்று ஒரு தளம் திறக்க வேண்டியிருந்தது. எழுதும்போதுதான் தெரிந்தது, ஒரு பழைய டெபாசிட்டில் நாமினி, 12 வருடம் முன் காலமான அவருடைய அம்மா. மறுநாளே கிளைக்குப் போய் மாற்றினார்.

போன வாரம் கரண்ட் பில் கட்ட உட்கார்ந்தவர், கோலம் நோட்டைப் பிரித்து வைத்து நான்கு வார்த்தைகளையும் அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஏய், அந்தக் கடைசி வார்த்தை என்னது?”

வாசலில் பால்காரர் நின்றிருந்தார். அம்மா பாலை வாங்கி, காசு கொடுத்து, அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து, கணவரின் காதருகே குனிந்தார்.