ரோட்டை விட்டு இறங்கினால்

ஹெல்மெட்டைக் கழற்றியபோது அப்பாவின் மீசை செம்பழுப்பாகியிருந்தது. காலையில் கிளம்பும்போது அது பஞ்சு மாதிரி வெள்ளை. பாதுகாப்புக் கண்ணாடி மறைத்த இடம் மட்டும் தப்பியிருந்தது. வழிகாட்டிப் பெண் எங்களை வண்டிக்கு முன்னால் நிற்க வைத்து என் போனில் படம் எடுத்துக் கொடுத்தார். அந்தப் படத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். "சூப்பர்! யாரு ஓட்டுனா? அப்பாவா?" என்று கேட்டிருந்தான்.

அவன் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. எங்கள் வீட்டில் வண்டி என்றால் அப்பா, அப்பாவுக்குப் பிறகு அண்ணன். அப்பா 31 வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர். திருச்செந்தூரிலிருந்து உடன்குடி வழியாகப் போகும் ரூட்டில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. அண்ணனுக்குப் பதினெட்டு முடிந்த வாரமே மாமாவின் அம்பாசிடரை வாங்கி வந்து, தேரிக்காட்டை ஒட்டிய பொட்டலில் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். நான் பின்சீட்டில் உட்கார்ந்து கிளட்ச், கியர், பிரேக் என்று மனப்பாடம் செய்தேன். எனக்குப் பதினெட்டு ஆனபோது நானும் கேட்டேன். "ஒனக்கு எதுக்குட்டி?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கறிவேப்பிலை வேண்டுமா என்று கேட்டவரிடம் வேண்டாம் என்பது போலச் சொன்னார். அதனால்தான் மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு நான் ஜெர்மனிக்கு வேலைக்கு வந்து, ஷ்டுட்கார்ட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டி, முதல் தடவை ஃபெயிலாகி, இரண்டாவது தடவை லைசென்ஸ் வாங்கினேன். வலது பக்கம் திரும்பும்போது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்காததால் முதல் தடவை ஃபெயில். பாஸான அன்று வீட்டுக்கு போன் பண்ணினேன். அம்மாதான் எடுத்தாள். அப்பா பக்கத்தில்தான் இருந்தார்.

போன குளிர்காலத்தில் அப்பா என்னோடு தங்க வந்தார். மூன்று மாத விசா. அம்மா அண்ணன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே நின்றுவிட்டாள். பிப்ரவரி மாத ஷ்டுட்கார்ட் அப்பாவை ஜன்னலோரமாக உட்கார வைத்துவிட்டது. காலையில் எழுந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பஸ்களை எண்ணுவார். "ஒரு நிமிசம் லேட்டு" என்பார். இந்த மனிதரை வெயில் உள்ள இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று தோன்றியது. இங்கிருந்து நாலரை மணி நேர விமானப் பயணத்தில் வெயில் கிடைக்கும் இடங்களில் லான்சரோத்தேயும் ஒன்று.

லான்சரோத்தே ஸ்பெயினுக்குச் சொந்தமான தீவு. ஆனால் ஐரோப்பாவில் இல்லை. மொராக்கோ கரையிலிருந்து சுமார் 130 கிலோமீட்டரில் அட்லாண்டிக்கில் கிடக்கிறது. 1730 செப்டம்பர் 1ஆம் தேதி இரவு, திமான்ஃபாயா என்ற ஊருக்குப் பக்கத்தில் தரை பிளந்தது. அது அடங்க 1736 ஏப்ரல் ஆனது. ஆறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, விட்டு விட்டுத் தீ. தீவின் கால் பங்கு நிலம், நல்ல விளைநிலங்களும் ஊர்களுமாக, எரிமலைக் குழம்புக்கும் சாம்பலுக்கும் அடியில் போனது. யாய்சா என்ற ஊரின் பாதிரியார், ஆந்திரேஸ் லொரென்சோ குர்பெலோ, நடந்ததை எழுதி வைத்திருக்கிறார். முதல் வருடத்தில் என்ன நடந்தது என்று இன்றைக்கு நாம் இவ்வளவு தெரிந்து வைத்திருப்பது பெரும்பாலும் அவர் தயவில்தான்.

முதல் நாள் வாடகைக் கார் எடுத்தோம். நான் ஓட்டினேன். அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்த பிறகு லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. நான் ஓட்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஷ்டுட்கார்ட்டில் என்னிடம் கார் கிடையாது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு ரவுண்டானாவுக்கும் அவருடைய வலது கால் தரை விரிப்பை அழுத்தியது. அங்கே இல்லாத பிரேக்கை அவர் மிதித்துக்கொண்டே வந்தார்.

லா ஹேரியா என்ற பகுதி வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். மலைச்சரிவு முழுக்கக் கறுப்புச் சரளை. அதில் நூற்றுக்கணக்கான குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு திராட்சைக் கொடி, குழியின் விளிம்பில் பாதி வட்டமாகக் கல் அடுக்கிய குட்டைச் சுவர். எரிமலைச் சாம்பலுக்கு அடியில் புதைந்துபோன பழைய மண்ணை வேர் தொட வேண்டும் என்பதற்காகத் தோண்டிய குழிகள் அவை. சில இடங்களில் மூன்று மீட்டர் ஆழம்கூட இருக்கும். பிக்கோன் என்று அவர்கள் சொல்லும் அந்தக் கறுப்புச் சரளை இரவு ஈரத்தை உறிஞ்சிக் கீழே அனுப்புகிறது, பகலில் மண் காய்ந்துவிடாமல் மூடியும் வைத்திருக்கிறது. வருடத்துக்கு 150 மில்லிமீட்டர் மழைகூட ஒழுங்காகப் பெய்யாத ஊரில் இப்படித்தான் வைன் எடுக்கிறார்கள். சுவர், ஓயாமல் அடிக்கும் கடல் காற்றுக்கு.

அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கம்மா முருங்கக் கன்னுக்கு இப்பிடித்தான் பனையோல மறப்பு கட்டுவா. காத்து வாற பக்கம் மட்டும்" என்றார். ஆச்சி செத்து இருபது வருடமாகிறது. அவளைப் பற்றி அப்பா தானாகப் பேசி நான் கேட்டதில்லை.

திமான்ஃபாயா 1974இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே சொந்தக் காரில் ஒரு எல்லை வரைதான் போகலாம். அதற்குப் பிறகு பூங்காவின் பஸ். ஹிலாரியோ என்ற மேட்டில் ஊழியர் ஒருவர் காய்ந்த முள்செடியைக் கவைக்கோலால் குழிக்குள் தள்ளினார். பத்து எண்ணுவதற்குள் குப்பென்று பற்றியது. தரையில் பதித்த குழாயில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். வெடிச்சத்தத்தோடு ஆவி ஆள் உயரத்துக்கு மேல் சீறியது. சில மீட்டர் ஆழத்திலேயே பல நூறு டிகிரி வெப்பம். அணைந்து முந்நூறு வருடம் ஆகப்போகிறது, அடியில் இன்னும் ஆறவில்லை.

அப்பா இதையெல்லாம் மரியாதைக்குப் பார்த்தார். அவர் உண்மையில் வியந்தது பஸ்ஸில்தான். 14 கிலோமீட்டர் பாதை. எரிமலை வாய்களுக்கு நடுவே ஒரு பஸ் மட்டும் போகும் அகலம். சில வளைவுகளில் கண்ணாடிக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம். எல்லோரும் ஜன்னல் வழியாக எரிமலையைப் படம் எடுக்க, அப்பா எட்டி எட்டி டிரைவரின் கைகளைப் பார்த்தார். இறங்கும்போது அவரிடம் போய்க் கைகுலுக்கினார். "மை ஃபாதர், ஆல்சோ டிரைவர்" என்று நான் சொன்னதும் அந்த ஆள் எழுந்து நின்று இன்னொரு தடவை கைகொடுத்தார்.

பக்கி சவாரி மறுநாள். விடுதி வரவேற்பில் கிடந்த அட்டையைப் பார்த்து அப்பாதான் கேட்டார், "இது என்ன வண்டி? டிராக்டருமில்ல, ஜீப்புமில்ல." வெறும் இரும்புக் குழாய்க் கூடு, நாலு பெரிய டயர், இரண்டு சீட், கதவு கிடையாது. போய்ப் பார்த்ததும் முதலில் கியர் எங்கே என்று தேடினார். ஆட்டோமேட்டிக் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "கியர் இல்லாததெல்லாம் ஒரு வண்டியா?"

ஆறு வண்டிகள். முன்னால் வழிகாட்டி. ஐம்பது வயது இருக்கும், தீவிலேயே பிறந்து வளர்ந்த பெண். ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் விதிகளைச் சொன்னார். முந்தக் கூடாது. தூசி அடங்கும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். கையைத் தூக்கினால் நிற்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை இரண்டு தடவை சொன்னார்: ஆஃப் ரோடு என்றால் தார் ரோடு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம், பாதையே இல்லை என்று அர்த்தமில்லை. தடத்தை விட்டு ஒரு சக்கரம்கூட இறங்கக் கூடாது.

நாலு பட்டை பெல்ட்டை அப்பாவுக்கு நான்தான் மாட்டிவிட்டேன். குழந்தையை இடுக்கிக் கட்டுவது மாதிரி இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

முதலில் எல் ஹாப்லே என்ற மணல்வெளி. வடக்கே ஃபமாரா கடற்கரையிலிருந்து காற்று தள்ளிக்கொண்டு வரும் வெள்ளை மணல் அது. அந்த மணலில் வைக்கோலால் வேலி கட்டிச் சர்க்கரைவள்ளி போட்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தியபோது வழிகாட்டி தொலைவில் ஒரு துண்டு நிலத்தைக் காட்டினார். அவருடைய அப்பாவின் நிலம். பத்து வயதில் அங்கேதான் டிராக்டர் ஓட்டப் பழகினாராம். "பெடல் எட்டாது. அப்பா கட்டை வைத்துக் கட்டிக் கொடுத்தார்" என்று சிரித்தார். அப்பா என்னிடம் "என்ன சொல்லுதாவ?" என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். பிறகு என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"நீங்க எனக்கு ஏம்ப்பா சொல்லிக்குடுக்கல?"

"என்னத்த?"

"வண்டி. அண்ணனுக்குச் சொல்லிக்குடுத்தீங்கல்லா. நானும் கேட்டேன்."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். தப்பிக்கப் பார்க்கிறாரா என்று நானும் உற்றுப் பார்த்தேன். இல்லை.

"நீ கேட்டியாட்டி? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார்.

பதினைந்து வருடமாக இதற்கு என்னென்னவோ பதில்களை அவர் சார்பில் நானே தயாரித்து வைத்திருந்தேன். பொம்பளைப் பிள்ளை, பயம், ஊர் என்ன சொல்லும். ஒவ்வொன்றுக்கும் மறுமொழியும் வைத்திருந்தேன். ஞாபகமில்லை என்ற பதிலுக்கு மட்டும் என்னிடம் எதுவும் இல்லை. வழிகாட்டி கையைக் காட்டினார். கிளம்பினோம்.

அதற்குப் பிறகு வேகமாக ஓட்டினேன். மணல் முடிந்து கறுப்புச் சரளை நிலம் தொடங்கியது. இரண்டு பக்கமும் கலைக்காத கறுப்பு, நடுவில் பழுப்பாக மிதிபட்ட தடம். இடைவெளி விடச் சொன்னது நினைவிருந்தும் முன்வண்டியை நெருங்கினேன். ஒரு வளைவில் தூசி மொத்தமாக முகத்தில் அடித்தது. ஒன்றும் தெரியவில்லை. இடது பக்கச் சக்கரங்கள் மெத்தென்று எதிலோ இறங்கின. பதறி ஸ்டியரிங்கை வலது பக்கம் வெட்டினேன். வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு வீசியது. ஒரு கணம் வலப்பக்கம் அந்தரத்தில் இருந்தது. பிறகு தொப்பென்று விழுந்து நின்றது. அப்பாவின் கை என் நெஞ்சுக்குக் குறுக்கே நீண்டிருந்தது. பஸ்ஸில் சடன் பிரேக் போடும்போது தாய்மார்கள் பிள்ளைக்குக் குறுக்கே கை நீட்டுவார்களே, அப்படி.

யாருக்கும் அடியில்லை. வழிகாட்டி திரும்பி வந்து முதலில் எங்களைப் பார்த்தார். அதன் பிறகு தரையைப் பார்த்தார். கறுப்புச் சரளையில் ஏழெட்டு மீட்டர் நீளத்துக்கு இரண்டு உழவுசால்கள். சரளைக்கு அடியில் இருந்த வெளிர்மண் தெரிந்தது. ஓரத்துக் கல்லில் சாம்பல் நிறத்தில் படர்ந்திருந்த கற்பாசியைச் சக்கரம் வழித்துவிட்டிருந்தது. குழம்பு ஆறிய பாறையில் முதலில் குடியேறும் உயிர் அதுதான். முந்நூறு வருடத்தில் அங்கே வந்து சேர்ந்திருப்பதே அவ்வளவுதான்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குனிந்து கையுறையால் சரளையை நிரவ ஆரம்பித்தார். "மழை இல்லை. காற்று இந்தக் கல்லை அசைக்காது. நிரவினாலும் தெரியும். இங்கே ஒரு தடம் ரொம்ப வருடம் நிற்கும்" என்றார். நானும் உட்கார்ந்து நிரவினேன். அப்பா பெல்ட்டைத் தானே அவிழ்த்துக்கொண்டு இறங்கி வந்து, வெறுங்கையால் சரளையை அள்ளி அள்ளிப் போட்டார். வரப்பு சரி செய்கிற மாதிரி நிதானமாக. இருந்தாலும் தெரிந்தது.

ஓட்டியது நான். இன்னும் பத்து வருடம் கழித்து அந்த வளைவு எங்கே என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் பெண் வாரத்துக்கு எத்தனை தடவை அந்தப் பக்கம் போகிறாரோ அத்தனை தடவை அதைப் பார்ப்பார்.

மறுபடி ஏறி உட்கார்ந்ததும் என் கை நடுங்கியது. அப்பா ஹெல்மெட்டை மாட்டாமல் மடியில் வைத்திருந்தார்.

"ரோட்ட விட்டு எறங்கிட்டா ஒடனே வெட்டி ஏத்தக் கூடாது, ஏட்டி. அங்கதான் வண்டி கவுறும். ஆக்சிலேட்டர விட்டுரு. பிரேக்க மிதிக்காத. அது போற வாக்குல கொஞ்சம் நேரா போவட்டும். வேகம் செத்த பெறவு மெல்ல ஏத்தணும்." இரண்டு கையையும் நீட்டி இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக் காட்டினார். "தார் ரோட்டு விளிம்புலயும் இதான். எங்கயும் இதான்."

"சரிப்பா."

"எங்க, சொல்லு பாப்போம்."

சொன்னேன். ஒன்று விடாமல். பின்சீட்டுப் பிள்ளை மாதிரி.

சாயங்காலம் வாடகைக் காரில் திரும்பும்போது, செசார் மன்ரீக்கேயின் வீடு இருந்த தாகீச்சே வழியாக வந்தோம். இந்தத் தீவில் ரோட்டோர விளம்பரப் பலகைகள் இல்லாததற்கும், வீடுகள் குட்டையாக வெள்ளையாக நிற்பதற்கும் பெரிய காரணம் அந்த ஓவியர். உறைந்த குழம்பின் குமிழ்களுக்குள்ளேயே வீடு கட்டி வாழ்ந்தவர். 1992இல் அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கார் விபத்தில் இறந்தார். அப்பாவிடம் சொன்னேன். "எம்புட்டுப் பெரிய ஆளுன்னாலும் ரோட்டுக்குத் தெரியாதுல்லா" என்றார்.

அண்ணனுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. இறக்கம் வந்தது. கீழே கடல் தெரிந்தது.

"செகண்ட் கியர் போடு" என்றார்.

"போட்டாச்சுப்பா."

"ம்" என்றார். கால் மட்டும் விரிப்பை ஒருமுறை அழுத்தியது.