17-ஆம் எண் புதர்

வெள்ளைக் கோட்டும் கையுறையுமாக அந்தப் பெண் காற்று மேடையின் முன் உட்கார்ந்திருக்கிறார். வடிகட்டிய காற்று மேடையின் உட்புறத்திலிருந்து ஓயாமல் வீசுகிறது. அந்த இரைச்சலைத் தவிர அறையில் பேச்சுமூச்சு இல்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்பு இடுக்கியையும் கத்தியையும் கிருமி நீக்கிக்கொள்கிறார்.

கத்தியின் கீழே கிடப்பது ஹிங்க்லி ஓக்கின் தளிர். ஓக் என்றால் அண்ணாந்து பார்க்கவேண்டிய பெருமரம் என்றுதான் நினைப்போம். இதுவோ பெரும்பாலும் இடுப்பளவைத் தாண்டாத புதர். மேற்கு டெக்சாஸின் வறண்ட சுண்ணாம்புச் சரிவுகளில், முள் வைத்த சாம்பல்நிற இலைகளோடு கொஞ்சநஞ்சம் மிஞ்சியிருக்கிறது. பனியுகத்தில் அந்த வட்டாரமெங்கும் பரவியிருந்த இனம். காட்டெலிகள் குகைகளில் சேர்த்துவைத்துப் பல்லாயிரம் ஆண்டு கெடாமல் கிடந்த குப்பைக்குள் இதன் இலைகள் கிடைத்திருக்கின்றன. பருவநிலை வறண்டது, இனம் சுருங்கியது. 1988-இல் அமெரிக்க அரசு இதைப் பாதுகாக்கவேண்டிய இனமாக அறிவித்தது. தனியாகவும் இல்லை இது: உலகின் சுமார் 430 ஓக் இனங்களில் 113 அழியும் ஆபத்தில் இருப்பதாக 2020-இல் வெளிவந்த ஓக் சிவப்புப் பட்டியல் மதிப்பிட்டது.

விதையைச் சேமித்தால் போதாதா? போதாது. நெல்லையும் கோதுமையையும் உலர்த்திக் குளிரில் வைத்தால் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். ஓக் கொட்டை அப்படியல்ல. ஈரம் வற்றினால் செத்துப்போகும். விதைவங்கியின் கதவு இதற்கு அடைத்தே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கண்ணாடிக் குழாய்கள்.

தளிரைச் சாராயக் கரைசலிலும் பிளீச்சிங் கரைசலிலும் முக்கி, கிருமி நீக்கிய நீரில் பலமுறை அலசியாயிற்று. இப்போது மொட்டோடு சேர்த்துச் சிறு துண்டாக நறுக்கி, சர்க்கரையும் உப்புகளும் ஹார்மோனும் கலந்த அகார் கூழில் ஊன்றுகிறார். வெட்டுவாயிலிருந்து டானின் கசிந்து கூழைக் கருக்க வைக்கும். கருத்தது துண்டைக் கொல்லும் முன் புதுக் கூழுக்கு மாற்றவேண்டும். அதையும் தாண்டினால் பூஞ்சை. கிழட்டு மரத்தின் தளிர் குழாயில் எளிதில் மசியாது. அடியிலிருந்து புதிதாக வெடித்த துளிர்தான் ஓரளவு இணங்கும். கிளைத்த பிறகும் வேர்விட அடம்பிடிக்கும்.

திசு வாழைக் கன்றைப் பார்த்துப் பழகிய நமக்கு ஒரே தாயிலிருந்து ஆயிரம் நகல் எடுப்பதுதான் திசு வளர்ப்பு. இங்கே அது உதவாது. ஒரே புதரின் ஆயிரம் நகல்களைச் சரிவில் நட்டால், ஒரு நோய் வந்தால் அத்தனையும் ஒன்றாகச் சாகும். இந்த ஆய்வகத்துக்கு வேண்டியது முடிந்தவரை வேறு வேறு தாய்கள். குழாய்க்குக் குழாய் ஒட்டியிருக்கும் தாய்ப் புதரின் எண்தான் இந்த அறையின் உண்மையான சொத்து.

நன்றாக வளர்ந்தவற்றிலிருந்து, உருப்பெருக்கியின் கீழே, ஒரு மில்லிமீட்டர் அளவேயான நுனியைக் கிள்ளி எடுப்பார்கள். உறைகாப்புக் கரைசலில் ஊறவைத்து, அலுமினியத் தகட்டில் ஒட்டி, மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜனில் இறக்குவார்கள். செல்லுக்குள் பனிப்படிகம் விழாமல் கண்ணாடிபோல் உறைந்துவிட்டால் காலம் அங்கே நின்றுவிடும். விதைவங்கி கைவிட்ட செடிகளுக்காகச் சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையின் ஆய்வு மையம் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையும் இதுதான். ஒரு சரிவின் வெயிலையும் அதன் பறவைகளையும் எந்தத் தொட்டியிலும் உறையவைக்க முடியாது என்பது இந்த வேலை செய்பவர்களுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஆனாலும் சரிவில் புதர் பட்டுப்போகும் நாளில் கையில் ஒன்றாவது இருக்கவேண்டுமே.

அடுத்த தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். 17-ஆம் எண் புதரின் கடைசி மூன்று குழாய்களிலும் வெள்ளை இழை ஓடியிருக்கிறது. அந்தத் தாய்க்கு வேறு குழாய் கிடையாது. மூன்றையும் அழிக்கவேண்டியவற்றோடு ஒதுக்குகிறார். கையுறையைக் கழற்றிப் பதிவேட்டில் குறிக்கிறார். அடுத்த வசந்தத்தில் அதே புதரின் அடித்துளிரை வெட்டி அனுப்பும்படி டெக்சாஸுக்கு மின்னஞ்சல் எழுத உட்காருகிறார்.