காலிக் கோட்டையும் ஒரு பழைய காரும்

கொழும்பிலிருந்து தெற்கே கடற்கரையை ஒட்டி ஏறத்தாழ 120 கிலோ மீட்டர் பயணம் செய்தால் காலி நகரை அடையலாம். 1588இல் போர்த்துகீசியர் எழுப்பி, பின்னர் டச்சுக்காரர் விரிவாக்கிய கோட்டை அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. அதனுள்ளே, கலங்கரை விளக்கின் எதிரே, வெண்ணிற மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். சுற்றியுள்ள தெருக்களில் முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன.

வாசகர்களே, அத்தெருக்களில் நடக்கும்போது ஆமை முதுகு கொண்ட ஒரு சிறு கார் உங்கள் கண்ணில் படலாம். அதுதான் மோரிஸ் மைனர். அலெக் இஸிகோனிஸ் வடிவமைக்க, இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டை அடுத்த கௌலியில் 1948இல் பிறந்த வண்டி. அந்நாட்டில் அதன் உற்பத்தி 1971இல் நின்றுவிட்டது. இலங்கையிலோ, 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி சுருங்கியது. 1977இல்தான் அக்கதவு தாராளமாகத் திறந்தது. ஆகவே இருந்த காரைச் செப்பனிட்டுச் செப்பனிட்டே மக்கள் ஓட்டினர். அந்தத் தேவை கைத்தொழிலாக வளர்ந்தது. 1990களில் பிரிட்டனிலுள்ள மைனர்களுக்கான தகட்டுப் பாகங்களே இலங்கையிலிருந்து கப்பலேறின என்றால் வியப்பாயில்லையா?

நகரின் புறத்தே இருந்த ஒரு பழுதுபார்க்கும் கொட்டகைக்கு நான் சென்றிருந்தேன். அங்குள்ளோர் ‘நானா’ என்றழைக்கும் முதியவர் ஒருவர் மைனர் ஒன்றைப் பார்வையிட்டுக் கொண்டிருந்தார். மகளின் திருமணத்திற்கு முன் பட்டி வைத்துப் புது வண்ணம் பூசினால் போதும் என்பது உரிமையாளரின் விருப்பம். நானா குனிந்து, கதவுக்கு அடியில் முன்பின்னாக ஓடும் பெட்டித் தகட்டைத் திருப்புளியால் மெல்லக் குத்தினார். அது உள்ளே இறங்கிவிட்டது!

“பூசினால் கல்யாணத்துக்குப் போய்விடலாம் தம்பி, திரும்பி வர வேண்டாமா?” என்றார் நானா.

அவர் கூறியதன் பொருளை நீங்கள் உணர வேண்டும். லாரியைப் போல் இதற்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே எலும்பு. அந்தப் பெட்டித் தகடும், தரைக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டமும், பின் வில்களைத் தாங்கும் இடங்களும் சேர்ந்தே பாரத்தைச் சுமக்கின்றன. கடற்காற்றின் உப்பும், வடிய வழியின்றித் தங்கும் நீரும் இவற்றை உள்ளிருந்தே அரிக்கின்றன. பட்டி பள்ளத்தை நிரப்பும், பாரத்தைத் தாங்காது.

செப்பனிடும் முறையிலும் அவசரம் ஆகாது. முதலில் காரை உறுதியான தாங்கிகளில் சமமாக நிறுத்தி, கதவு நிலையின் குறுக்கே தற்காலிக இரும்பு வைத்துப் பிணைக்க வேண்டும். இல்லையேல் அடித்தகட்டை வெட்டியதும் உடல் தொய்ந்து, பின்னர் கதவு பொருந்தாது. முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் குறுக்குச் சட்டத்தில் பிணைந்திருப்பதால், அதைத் தொடுமுன் அவற்றின் இறுக்கத்தைத் தளர்த்தியாக வேண்டும். ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். துருவின் விளிம்போடு நில்லாமல் நல்ல இரும்பு வெளிப்படும் வரை வெட்டி, அதே கனத்தில் புதுத் தகடு பொருத்தி, கதவை மாட்டி இடைவெளி பார்த்த பின்பே வெல்டிங். சூட்டில் தகடு வளையாதிருக்கச் சிறிது சிறிதாகப் பற்றவைப்பர். இறுதியில் பெட்டியினுள் துருத்தடுப்பு மெழுகைப் பீய்ச்சி, நீர் வடியும் துளைகளைத் திறந்தே வைப்பர்.

நானா சொன்ன நாள் கணக்கைக் கேட்டதும் உரிமையாளரின் முகம் வாடியது. சற்று நேரம் மௌனமாக நின்றவர், “திருமணத்துக்கு வாடகை வண்டி பிடித்துக்கொள்கிறேன் நானா, நீங்கள் வெட்டுங்கள்” என்று சாவியை நீட்டினார்.

பழைய காரொன்றை வாங்க எண்ணுகிறீர்களா, அன்பர்களே? அதன் மினுமினுப்பைப் பார்க்கும் முன்னர், சற்றே குனிந்து அதன் அடியைப் பாருங்கள். அதில் ஏறப்போவது உங்கள் பிள்ளைகள்.